ஒரு கமெண்ட் வரியின் கதை: ஸ்விஃப்ட் பேக்கேஜும் டூல் வெர்ஷனும்

ஸ்விஃப்ட் மொழியில் எழுதிய எந்த பேக்கேஜையும் திறந்து, அதன் மேனிஃபெஸ்ட் கோப்பைப் பாருங்கள். முதல் வரியில் ஒரு கமெண்ட் இருக்கும். இரண்டு சாய்கோடு, ‘ஸ்விஃப்ட்-டூல்ஸ்-வெர்ஷன்’ என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, பிறகு ஒரு எண். 5.5, 5.9, 6.0 என்று ஏதாவது ஒன்று. கமெண்ட் என்றால் கம்பைலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற வரி என்றுதான் எல்லோரும் முதல் வகுப்பில் படிக்கிறோம். ஆனா இந்த ஒரு கமெண்டை அழித்துவிட்டால் இன்றைய டூல்கள் அந்த பேக்கேஜைத் தொடவே மறுத்துவிடும்.

கமெண்ட் எப்படிச் சட்டம் ஆனது? அந்த எண் யாரைக் கட்டுப்படுத்துகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால், எல்லா மொழிகளும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிற ஒரு பழைய சிக்கலில் போய் நிற்போம். அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் பார்க்கிறேன்.

பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவி

ஆப்பிள் நிறுவனம் ஸ்விஃப்டை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது 2015 டிசம்பர் 3 அன்று. அதே நாளில் ஸ்விஃப்ட் பேக்கேஜ் மேனேஜரும் வெளியே வந்தது. அப்போது மொழியே நிலையில்லாமல் இருந்த காலம். 2016 செப்டம்பரில் ஸ்விஃப்ட் 3 வந்தபோது நூலகங்களின் பெயர்கள் கூட்டமாக மாறின. ஸ்விஃப்ட் 2-இல் எழுதிய நிரல் 3-இல் அப்படியே ஓடாது. இனி இப்படி உடைக்க மாட்டோம், பழைய நிரலுக்குப் புதிய கம்பைலரிலும் இடம் இருக்கும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது.

இங்கே பேக்கேஜ் மேனேஜருக்கு மட்டும் ஒரு தனித் தலைவலி. மற்ற பல மொழிகளில் மேனிஃபெஸ்ட் என்பது வெறும் தரவுக் கோப்பு. நோட்.ஜேஎஸ் உலகில் அது ஜேசான். ரஸ்ட்டில் டோம்ல். கோ மொழியில் அதற்கென்றே செய்த எளிய வடிவம். ஸ்விஃப்டில் மேனிஃபெஸ்டே ஒரு ஸ்விஃப்ட் நிரல். பேக்கேஜின் பெயர், அதன் பகுதிகள், அது சார்ந்திருக்கும் மற்ற பேக்கேஜ்கள், எல்லாமே ஸ்விஃப்ட் இலக்கணத்தில் எழுதப்படும். பேக்கேஜ் மேனேஜர் அந்தக் கோப்பைக் கம்பைல் செய்து, ஓட்டி, கிடைக்கிற விடையை வாங்கிக்கொள்ளும்.

வசதிதான், மறுக்க முடியாது. எடிட்டரில் தானாக நிரப்பும், தட்டச்சுப் பிழையைக் கம்பைலரே பிடித்துக் கொடுக்கும். ஆனா இதில் ஒரு முடிச்சு விழுகிறது. ‘இந்தக் கோப்பைப் படிக்க ஸ்விஃப்ட் 4 வேண்டும்’ என்ற தகவலை அந்தக் கோப்புக்குள்ளேயே நிரலாக எழுதினால், அதைத் தெரிந்துகொள்ள முதலில் கோப்பைக் கம்பைல் செய்ய வேண்டும். கம்பைல் செய்ய எந்த வெர்ஷன் இலக்கணம் என்று தெரிய வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

இந்த முடிச்சு ஸ்விஃப்டுக்கு மட்டும் வந்ததில்லை. 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் தரத்தில், கோப்பின் எழுத்துக்குறியாக்கம் என்ன என்பதைக் கோப்பின் முதல் வரியே சொல்லும். முதல் வரியைப் படிக்கவே குறியாக்கம் தெரிய வேண்டுமே? அதனால் அந்த முதல் வரிக்கு மட்டும் இறுக்கமான வடிவம் கொடுத்தார்கள். ஆரம்பத்துச் சில பைட்டுகளைப் பார்த்தே ஊகித்துவிடலாம். பைத்தானும் 2.3 வெர்ஷனில் இதே வழிக்கு வந்தது. குறியாக்கத்தைச் சொல்லும் கமெண்ட் முதல் வரியிலோ இரண்டாம் வரியிலோ இருக்க வேண்டும். மூன்றாம் வரிக்குப் போனால் செல்லாது. முழு இலக்கணமும் விழிப்பதற்கு முன்னால், ஒரு சின்னக் குருட்டு வாசிப்புக்கு மட்டும் சில எழுத்துகளை ஒதுக்கி வைப்பது என்பது இதற்கு ஏற்கெனவே பழகிப்போன வைத்தியம்.

2017: எண் 152

ஸ்விஃப்டில் மாற்றங்கள் எல்லாம் எண்ணிட்ட முன்மொழிவுகளாக வரும். 152-ஆம் முன்மொழிவை எழுதியவர் ஆப்பிளின் ரிக் பேலர்ட். 2017 தொடக்கத்தில் விவாதத்துக்கு வந்தது, மார்ச் மாதம் வெளியான ஸ்விஃப்ட் 3.1-இல் சேர்ந்துவிட்டது.

அன்று அவர்கள் முன்னால் இருந்த வழிகளை யோசித்துப் பார்த்தால் மூன்று தெரிகிறது. ஒன்று, நிரலுக்குள் ஒரு மதிப்பாக எழுதுவது. அது மேலே சொன்ன முடிச்சில் விழும். இரண்டு, தனியாக ஒரு சின்னக் கோப்பு வைப்பது. வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு பேக்கேஜிலும் கூடுதலாக ஒரு கோப்பு. மேனிஃபெஸ்டை மாற்றியவர் அதை மாற்ற மறப்பார். மூன்று, முதல் வரிக் கமெண்ட். கம்பைலரைக் கூப்பிடாமலே ஒரு வரியைப் படித்து எண்ணை எடுத்துவிடலாம். எந்தக் காலத்து ஸ்விஃப்ட் கம்பைலருக்கும் அது வெறும் கமெண்ட், அதனால் அந்த வரியே பிழை ஆகிவிடும் என்ற பயமும் இல்லை. மூன்றாவதுதான் ஜெயித்தது.

அந்த எண்ணுக்கு மூன்று வேலை கொடுத்தார்கள். 

முதல் வேலை, மேனிஃபெஸ்டை எந்த நூலகத்தோடு சேர்த்துக் கம்பைல் செய்வது என்று முடிவு செய்வது. ஸ்விஃப்ட் 4-இல் மேனிஃபெஸ்டின் சொல்வளமே மாறியது. 3-இல் கோப்புறை அமைப்பைப் பார்த்து மேனேஜரே ஊகித்துக்கொண்ட பகுதிகளை, 4-இல் நீங்கள் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும். அதனால் ஸ்விஃப்ட் 4-ஐ நிறுவினால் பழைய மேனிஃபெஸ்ட் நூலகம் ஒன்று, புதியது ஒன்று என இரண்டும் கூடவே வரும். முதல் வரி எண் எதைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வேலை, குறைந்தபட்சத் தகுதி. உங்களிடம் இருப்பது 5.3, பேக்கேஜ் கேட்பது 5.5 என்றால், புரியாத முப்பது கம்பைல் பிழைகள் கொட்டாது. ‘இது கேட்பது 5.5, உன்னிடம் இருப்பது 5.3’ என்று நேராக ஒரு வரி வரும். இதை அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

மூன்றாவது வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சார்பு பேக்கேஜ்களின் வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த எண் பார்க்கப்படும். ஒரு நூலகத்தின் 2.8 வெர்ஷன் உங்கள் டூலைவிடப் புதியதைக் கேட்டால், அதைத் தகுதியில்லாதது என்று ஒதுக்கிவிட்டு, அடுத்து 2.7 பொருந்துமா என்று பார்ப்பார்கள். பிழை காட்டி நிற்க மாட்டார்கள்.

வரியே இல்லாத பேக்கேஜை என்ன செய்வது? 2017-க்கு முன்னால் எழுதியவர்கள் யாருக்கும் இப்படி ஒரு வரி வரப்போகிறது என்று தெரியாதே. அதனால் வரி இல்லையென்றால் ஸ்விஃப்ட் 3 காலத்துப் பேக்கேஜ் என்று எடுத்துக்கொண்டார்கள். மௌனத்துக்கும் ஒரு பொருள் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். 2019-இல் ஸ்விஃப்ட் 5 வந்தபோது 3 காலத்து மேனிஃபெஸ்ட் ஆதரவு போனது. அன்றிலிருந்து வரியை எழுத மறந்தவர்களுக்கு, ‘நீ 3.1 வெர்ஷன் டூலைக் கேட்கிறாய், அதற்கு இப்போது ஆதரவு இல்லை’ என்ற பிழை வர ஆரம்பித்தது. 2019-இல் புதிதாக ஸ்விஃப்ட் கற்க வந்த ஒருவர், நான் எப்பய்யா 3.1 கேட்டேன் என்று முழித்திருப்பார். 

கமெண்டாக வைத்ததில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கமெண்டுக்குள் எத்தனை இடைவெளி விட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் எந்த நிரலரும் நினைப்பார். முக்காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டால் பழைய டூல்கள் ஏற்காது. 5.4 முதல்தான் அந்த இடைவெளியை அனுமதித்தார்கள். இன்றும் 5.3 என்று எழுதி நடுவில் இடைவெளி விட்டால், அந்த இடைவெளி 5.4-க்கு மேல்தான் செல்லும் என்று டூலே சொல்லித் தரும். ஒரு வெற்றிடத்துக்குக் கூட வெர்ஷன் எண் உண்டு!

ஒரே எண், பல கேள்விகள்

152-ஐ 151-ஓடு சேர்த்துப் படிக்க வேண்டும். 151 சொல்வது வேறு: பேக்கேஜின் நிரல் எந்த ஸ்விஃப்ட் மொழி வெர்ஷனில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மேனிஃபெஸ்டுக்குள் தனியாக அறிவிக்கலாம். ஆக டூல் எது, மொழி எது என்று இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்தார்கள். புதிய டூலை வைத்துக்கொண்டு பழைய மொழி விதிகளின்படி நிரலைக் கம்பைல் செய்யலாம். நல்ல பிரிப்பு.

ஆனா மொழி வெர்ஷனை யாரும் தனியாக எழுதவில்லை என்றால்? டூல் வெர்ஷனைப் பார்த்தே அதை முடிவு செய்வார்கள். 2024 செப்டம்பரில் ஸ்விஃப்ட் 6 வந்தபோது இதன் கனம் தெரிந்தது. முதல் வரியில் 6.0 என்று எழுதினால் ஸ்விஃப்ட் 6 மொழி விதிகள் தானாக வந்துவிடும். ஒரே தரவை இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடாது என்ற கடுமையான சோதனை அதில் உண்டு. மேனிஃபெஸ்டில் ஒரு புது வசதி வேண்டும் என்பதற்காக எண்ணை மட்டும் உயர்த்தியவர், நேற்று வரை ஓடிய நிரலில் பிழைகள் வரிசை கட்டுவதைப் பார்த்தார். ‘எனக்கு மொழி 5 போதும்’ என்று இன்னொரு வரி எழுதினால் தீர்ந்துவிடும். அப்படி ஒரு வரி இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோ மொழி இதே பாதையில் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் வந்த கோ 1.12, மாட்யூல் கோப்பில் ‘கோ’ என்ற ஒரு வரியைச் சேர்த்தது. அதன் பொருள் மொழி வெர்ஷன். உங்களிடம் பழைய டூல் இருந்தாலும் அது கம்பைல் செய்து பார்க்கும். சரியாக வந்துவிட்டால் ஒன்றும் சொல்லாது. தோற்றால் மட்டும், இது புதிய கோவைக் கேட்கிற மாட்யூல் என்று ஒரு குறிப்பு காட்டும். ஊரில் பெரியவர்கள் சொல்கிற ஆலோசனை மாதிரி. கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் பட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2023 ஆகஸ்டில் கோ 1.21 அந்த ஆலோசனையைச் சட்டமாக்கியது. ரஸ் காக்ஸ் முன்நின்று செய்த மாற்றம் இது. காரணம் இருந்தது. 1.22-இல், ஃபார் லூப்பின் மாறி ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக உருவாகும்படி பொருளையே மாற்றப் போகிறார்கள். மாட்யூல் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் எழுதியவர்களுக்கு மட்டும் புதிய பொருள், மற்றவர்களுக்குப் பழையதே. இந்த நிலையில் ஒரு பழைய டூல் 1.22 என்ற வரியை அலட்சியம் செய்து கம்பைல் செய்தால், பிழை எதுவும் வராது. நிரல் ஓடும், விடை மட்டும் தப்பாக வரும். கம்பைல் ஆகாத நிரல் கண்ணில் பட்டுவிடும், தப்பான விடை தரும் நிரல் படாது. அதனால் வரியைக் கட்டாயமாக்குவதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இல்லை.

கட்டாயத்தோடு ஒரு சமாதானமும் கொடுத்தார்கள். உங்கள் டூல் பழையது என்றால், தேவையான டூலை அதுவே இறக்கிக்கொண்டு வேலையை அதனிடம் ஒப்படைத்துவிடும். வேண்டாம் என்பவர்கள் ஒரு அமைப்பை மாற்றி நிறுத்திக்கொள்ளலாம். தாங்கள் சோதித்து வெளியிட்ட கம்பைலர்தான் ஓட வேண்டும் என்று நினைக்கிற லினக்ஸ் விநியோகங்களுக்கு அது தேவைப்பட்டது. இன்னொரு விதியும் சேர்ந்தது: உங்கள் மாட்யூலின் எண், நீங்கள் சார்ந்திருக்கும் எந்த மாட்யூலின் எண்ணுக்கும் குறையக்கூடாது. அப்படின்னா அடியில் இருக்கும் ஒரு சின்ன நூலகக்காரர் எண்ணை உயர்த்தினால், அந்த வெர்ஷனை எடுக்கும் எல்லோருடைய எண்ணும் கூடவே ஏறும்.

சத்தமில்லாமல் பின்வாங்குவது நல்லதா?

சார்பு பேக்கேஜின் புதிய வெர்ஷன் பொருந்தவில்லை என்றால் பழையதை எடுத்துக்கொள்வது ஸ்விஃப்ட் வழி என்றேன். இதே எண்ணம் பைத்தானில் இன்னும் முன்னால் காகிதத்தில் இருந்தது. ‘எந்த பைத்தான் வேண்டும்’ என்ற அறிவிப்பு 2005-இல் எழுதிய ஒரு முன்மொழிவிலேயே உண்டு. ஆனா நிறுவும் கருவியான பிப் அதை மதிக்க ஆரம்பித்தது 2016 நவம்பரில் வந்த 9.0 வெர்ஷனில்தான். பதினோரு வருஷம் அந்த அறிவிப்பு காகிதத்தில் இருந்தது, நிறுவுகிற நேரத்தில் படிக்கத்தான் ஆள் இல்லை.

படிக்க ஆள் வந்ததற்கும் ஒரு அவசரம் காரணம். பல நூலகங்கள் பைத்தான் 2-ஐக் கைவிடத் தயாராகிக்கொண்டிருந்தன. ஐபைத்தான் 6.0 அதை 2017 ஏப்ரலில் செய்தது. ஜாங்கோ 2.0 அதே வருஷம் டிசம்பரில். புதிய பிப் வைத்திருந்தவர் பைத்தான் 2-இல் ஜாங்கோவைக் கேட்டால், சத்தமில்லாமல் 1.11 வரிசையிலிருந்து கிடைத்தது. பழைய பிப் வைத்திருந்தவருக்கு 2.0 இறங்கி உடைந்தது. அறிவிப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். படிக்கும் கருவிதான் வித்தியாசம். எழுதிய எண்ணால் பயன் வர வேண்டுமென்றால், அதைப் படிக்கத் தெரிந்த டூல் அதற்கு முன்னாலேயே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஸ்விஃப்டுக்கு இந்தப் பாடம் சாதகமாக அமைந்தது. மேனிஃபெஸ்டை உடைக்கிற 4 வருவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே, 3.1-இல் எண்ணைப் படிக்கிற டூல் வெளியே போய்விட்டது.

ரஸ்ட்டும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது, கொஞ்சம் நிதானமாக. குறைந்தபட்சக் கம்பைலரை அறிவிக்கும் வரி 2021 அக்டோபரில் 1.56-இல் வந்தது. அந்த வரியைப் பார்த்து சார்புகளின் வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும் வசதி நிலையானது 2025 ஜனவரியில், 1.84-இல். இடையில் மூன்று வருஷத்துக்கு மேல், எண் பொருந்தவில்லை என்றால் பிழை காட்டும், சரியான பழைய வெர்ஷனைத் தேடிக் கொடுக்காது.

பின்வாங்கும் வசதியால் நூலகம் எழுதுபவர்களுக்கு ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. சர்வர் பக்க ஸ்விஃப்டின் அடித்தளமான ஸ்விஃப்ட்நியோ, 2 என்ற முதன்மை எண்ணை மாற்றாமலே, அந்த வரிசைக்குள்ளேயே குறைந்தபட்ச ஸ்விஃப்ட் வெர்ஷனைப் பல முறை உயர்த்தியிருக்கிறது. பழைய டூல்காரர் உடைய மாட்டார், அவருக்குப் பொருந்திய கடைசி வெர்ஷனில் தங்கிவிடுவார். 

அந்தத் தங்கலில்தான் ஆபத்தும் இருக்கிறது. புதிய வெர்ஷனில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பழைய டூல். ‘அப்டேட்’ என்று சொல்கிறீர்கள், பிழை ஒன்றும் வரவில்லை, எல்லாம் சரி என்று நினைக்கிறீர்கள். உண்மையில் அந்தத் திருத்தம் உங்களுக்கு வரவே இல்லை. கோ செய்வது போல முகத்துக்கு நேராக மறுத்துவிட்டால் எரிச்சல் வரும், ஆனா நிலைமை தெரியும். மரியாதையாகப் பின்வாங்கினால் வேலை நிற்காது, நிலைமை தெரியாது. இரண்டுக்கும் விலை உண்டு. இந்தக் கணக்கில் முழுக்க ஜெயித்த மொழி ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

யார் வெளியே நிற்கிறார்கள்

எண்ணை உயர்த்துவது எழுதுபவருக்கு ஒரு விசையைத் தட்டும் வேலை. மறுமுனையில் அது என்னவாகிறது என்று பார்ப்போம். ஸ்விஃப்ட் 6 வந்தது எக்ஸ்கோட் 16-ஓடு. எக்ஸ்கோட் 16-க்கு மேக்ஓஎஸ் 14.5 வேண்டும். மேக்ஓஎஸ் 14-ஐ ஆப்பிள் 2018-க்கு முந்தைய மேக்புக் ப்ரோக்களுக்குத் தரவில்லை. ஆக, ஒரு நூலகக்காரர் முதல் வரியை 5.9-இலிருந்து 6.0 ஆக்கினால், 2017-இல் வாங்கிய மேக்புக் ப்ரோவை வைத்துக்கொண்டு ஆப்பிள் காட்டும் எக்ஸ்கோட் வழியிலேயே வேலை செய்பவர் அந்த வெர்ஷனைத் தொட முடியாது. அந்த நூலகத்தில் 6.0 இல்லாமல் முடியாத ஒரு வரி நிரல் கூட இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் கதவு மூடியதுதான்.

இது பெரும்பாலும் யாரும் யோசித்து எடுக்கிற முடிவே இல்லை. புதிய பேக்கேஜ் தொடங்கும் கட்டளையைக் கொடுத்தால், அந்தக் கணினியில் இருக்கும் டூலின் எண்ணை அதுவே முதல் வரியில் எழுதிவிடும். இரண்டாம் வரியில் ஒரு விளக்கக் கமெண்டும் போடும்: இது இந்த பேக்கேஜைக் கட்டத் தேவையான குறைந்தபட்ச ஸ்விஃப்ட் வெர்ஷனை அறிவிக்கிறது என்று. விளக்கம் சரிதான். ஆனா அங்கே விழுந்த எண், எழுதியவர் கணினியில் அன்று இருந்த வெர்ஷன். ‘இதற்குக் கீழே ஓடாது’ என்று யாரும் சோதித்துச் சொன்ன எண் கிடையாது. தற்செயலாக விழுந்த ஒரு எண், குறைந்தபட்சம் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டு உலகம் பூராவும் சுற்றுகிறது.

152-ஆம் முன்மொழிவு இந்த எண்ணைக் கொண்டுவந்ததே பழைய டூல்காரர்களுக்கு ஒரு வழி விடத்தான். பழைய மேனிஃபெஸ்ட் ஓடட்டும், ஓடாவிட்டால் காரணம் தெரியட்டும், முடிந்தால் பொருந்துகிற வெர்ஷன் கிடைக்கட்டும். அந்த நோக்கம் நிறைவேற வேண்டுமென்றால் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விழுந்ததை விட்டுவைக்கக் கூடாது. இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். முதல் வரியை ஒரு படி குறைத்துப் போட்டு, அந்த வெர்ஷன் டூலில் ஒரு முறை பில்டும் டெஸ்டும் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் இன்னொரு படி குறையுங்கள். எங்கே உடைகிறதோ அதற்கு மேல் படிதான் உங்கள் எண். எந்த வசதிக்காக அங்கே நின்றீர்கள் என்று அடுத்த வரியில் ஒரு கமெண்ட் எழுதி வையுங்கள். அதை எந்த டூலும் படிக்காது. உங்களுக்குப் பிறகு அந்த பேக்கேஜைக் கவனிக்க வருபவர் படிப்பார்.